முதல் காரின் விளக்கு

அங்கே இருந்தவர்கள் நான், என் தம்பி லாடிஸ்லாவ் ஹ்ருஷ்கா, மேற்பார்வையாளர் புரூயிட், கதவு பொருத்தும் கிரியர் ஆகிய நால்வர் மட்டுமே. அமெரிக்காவின் பிளின்ட் நகரக் கார் தொழிற்சாலை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஜூன் மாதப் பிற்பகல். முதல் வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வரிசையின் முடிவில் நிற்கிறது. அதன் கண்ணாடியிழை உடம்பின்மேல் கூரை வெளிச்சம் பாலாய் வழிகிறது. பிசின் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. விளக்குகளுக்கு வயர் இழுத்த தம்பி விசையை இழுக்கிறான். எரியவில்லை. மறுபடி இழுக்கிறான். விசையின் சத்தம் மட்டும் கேட்கிறது. "பதினாறு வருஷ அனுபவம்னு பீத்திக்கிட்டியே, எங்கப்பா வெளிச்சம்?" என்கிறார் புரூயிட். "சாயங்காலத்துக்குள்ள எரியலேன்னா நாளைக்கு நீ வர வேணாம்." கிரியர் கதவை விரல் முட்டியால் தட்டுகிறான், இரும்பின் ஓசை இல்லை. தம்பியின் முகம் வெளுக்கிறது. "அண்ணே, இரும்பு உடம்புன்னு நெனச்சே கட்டிட்டேன். இரும்புன்னா உடம்பு வழியாவே கரண்டு பேட்டரிக்குத் திரும்பிடும். இதுல அந்த வழியே இல்ல." எங்கள் வீட்டில் யாரும் பிழையை மறைத்ததில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பாராமல் வாசலைத் தாண்டிப் போகிறான். புரூயிட் சிரிக்கிறார். நான் காரின் அருகே நிமிர்ந்து நிற்கிறேன்.

தம்பி வேலையை விட்டு ஓடினான் என்று இன்றும் பேசுகிறார்கள். அவன் ஓடவில்லை. கிடங்கிலிருந்து செம்புக் கம்பி கொண்டுவந்து, கரண்டு திரும்பிப் போக விளக்குகளைக் காரின் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு இணைத்தான். ஐந்து மணிக்கு இரண்டும் எரிந்தன.