அரசாங்க நெற்றி

"அரசாங்கப் பள்ளிக்கூடம் மாஸ்டர் இது. மார்க்க அடையாளம் ஒண்டும் உள்ளுக்க இரிக்கப்படா."

அபிவிருத்திச் சங்கத் தலைவர் கலந்தர் ஹாஜியார் இதைச் சொன்னபோது பள்ளி அதிபர் மீராசாவின் கண் தன்பாட்டில் வாசலுக்குப் போனது. ஹாஜியார் தன் செலவில் கட்டிக்கொடுத்த வளைவின் உச்சியில் பிறையும் நட்சத்திரமும் பச்சையாக மினுங்கின. கீழே ஹாஜியாரின் பெயர், பிறையைவிடக் கொஞ்சம் பெரிதாக.

மீராசா கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் அன்னப்பிள்ளை டீச்சரின் பொட்டு. பாண்டிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மீராசா கல்விக் கந்தோர் கந்தோராக அலைந்து பெற்ற கணக்கு டீச்சர். அவர் மாற்றம் கேட்டுப் போனால் ஓ.எல். சோதனை எழுதும் பிள்ளைகளின் கதி அதோகதி. ஹாஜியாரைப் பகைத்தாலோ அவர் கட்டித்தருவதாகச் சொன்ன புதுக் கட்டடம் இல்லை.

பின்னேரம் மீராசா டீச்சரைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட நேரத்தில் மட்டும்தான், வீட்டில் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று சுற்றிவளைத்துச் சொன்னார்.

"சரி சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் போனார்.

மறுநாள் வெறும் நெற்றியோடு பஸ்ஸால் இறங்கினார். ஹாஜியார் அதிபரின் அறையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே திருப்தியாகத் தேத்தண்ணி குடித்தார்.

இடைவேளைக்குள் வாசலில் பெண்கள் திரண்டுவிட்டார்கள். முன்னால் ஹாஜியாரின் மனைவி றுகையா, கையில் துணி கட்டிய சோற்றுச் சட்டி. மௌத்து வீட்டில் அடுப்பு எரியாது, அயலார்தான் சோறு கொடுக்க வேண்டும். டீச்சரின் நெற்றியைக் கண்ட யாரோ, குவைத்தில் லொறி ஓட்டும் அவருடைய புருசன் இறந்துபோய்விட்டார் என்று முடிவுகட்டி, தெருவெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

றுகையா டீச்சரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"தந்தி எப்ப மகள் வந்த? இந்த நிலையிலயும் எங்கட புள்ளையளுக்குப் படிச்சுக்குடுக்க வந்தயா?"

"தந்தி ஒண்டும் வரல்ல. அவர் நல்லா இருக்கிறார்." அதுவரை அழாத டீச்சரின் குரல் அப்போதுதான் உடைந்தது. "பள்ளிக்கூடத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாதாம்."

பெண்களின் அழுகை நின்றது. உயிரோடு இருக்கிற மனிசனை மௌத்தாக்கியது யார் என்று றுகையா கேட்டார். சத்தம் கேட்டு விறாந்தைக்கு வந்திருந்த அதிபர், பக்கத்தில் நின்ற ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கூரையைப் பார்த்தார்.

றுகையாவுக்கு அது போதும். நேரே புருசனுக்கு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"அந்தச் சுர்மாவத் தாங்க. குங்குமத்துக்கு நான் எங்க போற?"

ஹாஜியார் வாசலில் நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, கண்ணுக்கு இட மக்கத்திலிருந்து கொண்டுவந்த சுர்மாக் குப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மூடியையும் தானே திறந்து நீட்டினார்.

"கொஞ்சம் பெரிசா வைக்கச் சொல்லு," என்றார் மெல்ல. "தூரத்திலயும் தெரியணும்."