ஒத்தைப் போன்

ஆபீஸில் ஐந்து பேருக்கும் வருவதாக இருந்த போன், கடைசியில் ஹெட் கிளார்க் ஒருவருடைய இடுப்பு பெல்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பில்லிங் அக்காவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான் என்றிருந்த காலம் அது. அந்தச் சரக்கு அனுப்பும் ஆபீஸுக்கு முதலாளி ஒரு நாள் புதுப் போன் ஒன்றை வாங்கிவந்தார். பாதி கண்ணாடி, பாதி பொத்தான். டைப்ரைட்டரைச் சுருக்கி உள்ளங்கையில் வைத்ததுபோல குட்டிக் குட்டி எழுத்துகள். மெயில் நேராகக் கைக்கே வந்துவிடுமாம். தொட்டுப் பார்க்க அத்தனை பேருக்கும் ஆசை.

"முதல்ல நீங்க கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க. நல்லது கெட்டதைச் சொல்லுங்க. சரின்னா எல்லாருக்கும் வாங்கிடலாம்" என்று ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தார் முதலாளி.

மாதக் கடைசியில் மீட்டிங்.

"பொத்தான் அருமை சார். மேஜைக்கு அடியில வச்சுப் பார்க்காமலே டைப் அடிக்கலாம். சார்ஜும் நல்லா நிக்குது. மெயில் வந்தா மூலையில சிவப்பு லைட்டு மினுக்கும். கம்ப்யூட்டரைத் தேடி ஓட வேண்டாம்."

"கெட்டது?"

"நெட்ல ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். கேமரால என் வீட்டுக்காரியைப் பிடிச்சேன், பேய்ப் படம் மாதிரி வந்திருக்கு. இன்னும் அவ என்கூடப் பேசலை. நடுவுல இந்த உருண்டை இருக்கு பாருங்க, தூசி போயிட்டா மேல போகும், கீழ வராது."

எல்லாரும் சிரித்தார்கள்.

"இதெல்லாம் ஒரு குறையா சார்? நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்" என்றாள் பில்லிங் அக்கா. போனுக்கு எந்த நிறத்தில் உறை என்பதுவரை அவள் முடிவு செய்தாயிற்று.

ஹெட் கிளார்க் எழுந்தார். "சார், உங்ககிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்."

இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. திரும்பி வந்த முதலாளி, "ஒரு போன் போதும். அவர்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்கே ஹெட் கிளார்க்குக்கு 'ஒத்தைப் போன்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மாடிப்படியில் நின்று அவர் இரண்டு கட்டை விரலாலும் தட்டினால், "படம் காட்டறார் பாரு" என்பார்கள். காலையில் வந்து பார்த்தால் கஸ்டமர்களின் பாதி மெயிலுக்கு அவரே பதில் போட்டிருப்பார். "நம்ம பார்ட்டியை எல்லாம் கைக்குள்ள போட்டுக்கப் பார்க்கறார்" என்று அதற்கும் பொருமல்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தால் முதல் பங்கை ஹெட் கிளார்க்குக்கு வைப்பவள் பில்லிங் அக்கா. அவள் வேறு மேஜைக்கு மாறிக்கொண்டாள். மகள் பிறந்தநாளுக்குக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை, கூப்பிட்டாள். வந்த மனுஷர் வாசலிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தார். கையில் கொடுத்த கேக்கை ஜன்னலில் வைத்தவர், அதை மறந்தே போனார்.

"என் வீட்டுக்கு வந்துமா பெருமை அடிச்சுக்கணும்?" என்று அவள் அழாத குறை.

வருஷங்கள் ஓடின. அக்கா வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். ஹெட் கிளார்க் ஓய்வு பெறும் நாள் வந்ததும், பழைய ஆட்களை எல்லாம் முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கே அழைத்திருந்தார்.

மேஜைமேல் அந்தப் போன் கிடந்தது. பொத்தான்களில் எழுத்தே இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தன. ஆளாளுக்கு எடுத்து அமுக்கிப் பார்த்தார்கள். அந்த டிக் டிக் சத்தத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் வயசு குறைந்துபோனது.

"இந்த மாதிரி பொத்தான் இப்ப எதுல இருக்கு?" என்றார் ஸ்டோர்ஸ்காரர். "தடவித் தடவியே நம்ம விரல் மழுங்கிப்போச்சு."

அப்போது அக்காவின் கைப்பைக்குள் அவளுடைய புதுப் போன் கத்தியது. எடுத்துப் பார்த்து, பதில் அனுப்பி, பெருமூச்சு விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா உயிரை வாங்கறாங்க. இங்க இருந்தப்ப சாயங்காலம் பையைத் தூக்கினா அவ்வளவுதான், ஆபீஸ் நினைப்பே வராது. என் பொண்ணுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தது, ரெண்டு பேருமா தெருவுல கூத்தடிச்சது எல்லாம் அந்தச் சாயங்காலங்கள்லதான். அந்த மாதிரி நாள் இனிமே வராது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே பழைய கோபமும் வந்தது.

"ஆனா ஒண்ணு சார். அந்தப் போனை நீங்க மட்டும் அமுக்கிக்கிட்டது எனக்கு இன்னைக்கும் ஆறலை."

"விடும்மா, அதான் திருப்பிக் கொடுத்துட்டேனே" என்று சிரித்து மழுப்பினார் ஹெட் கிளார்க்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"அவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன்மா. போன் வாங்கற ஒவ்வொருத்தரும் ராத்திரி, லீவு நாள் பார்க்காம உடனே பதில் போடணும்னு ரூல் போட இருந்தேன். இவர் உள்ள வந்து, 'இதோட பெரிய குறையை நான் வெளிய சொல்லலை சார், இது வீட்டுக்கும் கூடவே வருது. அந்த நேரத்து மெயிலை எல்லாம் நான் ஒருத்தனே பார்த்துக்கறேன்'னார். 'உங்க வீட்லயும் சின்னக் குழந்தைங்க இருக்கே'ன்னு கேட்டேன். 'பரவாயில்லை சார், இது என் ஒரு வீட்டோட போகட்டும்'னு சொல்லிட்டார்."