வலது கால் கட்டைவிரல்

பேருந்து ஓட்டுநர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பரிசோதனைக் கட்டிலில் கால் நீட்டியிருக்கிறார். டாக்டரம்மா இன்று உடல்தகுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நாளைக்கு ஸ்டியரிங். ஜன்னல் வெயில் முழங்கால் வரை சுடுகிறது. அதற்குக் கீழே அவருக்கு வெயிலும் இல்லை, கட்டிலும் இல்லை. படுத்திருக்கையில் நூற்றிருபது காட்டிய ரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் தொண்ணூறுக்குச் சரிந்துவிட்டது. மேஜையில் கிடக்கும் ரத்த அறிக்கையில் 'பி12' என்ற எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா அண்ணே?" "டீயும் பன்னும்தான். வண்டிக்கு டீசல் போட மட்டும் மறந்ததில்லை டாக்டரம்மா." அவள் சிரிக்கவில்லை. "விட்டமின் குறைஞ்சு நரம்பு அடிவாங்கியிருக்கு. இந்தக் கவட்டைக் கம்பியைத் தட்டிக் கட்டைவிரல்ல வைப்பேன். அதிர்வு தெரிஞ்சா சொல்லுங்க." டிங் என்கிறது கம்பி. "தெரியுது." மறுபடியும் டிங். "தெரியுது." இருபத்தெட்டு வருஷமாகப் பின்னால் வரும் வண்டியை ஹாரனை வைத்தே எடைபோட்ட காது அது, கோட்டை விடுமா? மூன்றாவது டிங். "இது ஜம்முனு தெரியுது." அடுத்த டிங் வரவில்லை. கண்ணைத் திறக்கிறார். கம்பி அவள் தோளுக்குப் பக்கத்தில், காற்றில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. "ஊசி போட்டா தேற வாய்ப்பிருக்குண்ணே. ஆனா நாளாகும்." கையெழுத்து விழாத படிவத்தை அவள் மூடுகிறாள். அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மெல்ல அழுத்துகிறது. அழுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.