நடுவில் தேய்ந்த டயர்

“நீங்க மறைக்கலாம் டாக்டர், டயர் மறைக்காது. இது மண் ரோட்டுல தேஞ்ச டயர் இல்ல.”

கழற்றிய பின்சக்கர டயரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு டயர் கடைக்காரன் சொன்னான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள் கால்நடை டாக்டர். கல், சேறு, ஓடை எல்லாவற்றிலும் இறங்கி ஏறுகிற பெரிய பைக் அவளுடையது. அதற்கேற்றபடி டயரும் கட்டை கட்டையான ரப்பர் பட்டன்களோடு முரட்டு டயர்.

“அதெல்லாமா டயர் சொல்லுது?” என்றாள்.

“மண்ணுல ஓடினா ஓரத்துப் பட்டன் பிய்யும். கல்லு குத்தின தழும்பு இருக்கும். இதுல ஓரம் புதுசு மாதிரி இருக்கு, நடுவுல மட்டும் பலகையா வழிச்சு விட்ட மாதிரி தேஞ்சிருக்கு. நேரான தார் ரோட்டுல, ஒரே வேகத்துல, ரொம்ப தூரம் ஓடியிருக்கு.”

“மாடு பார்க்கப் போற வழியில தார் ரோடும் இருக்குமில்ல?”

“வாராவாரம் இருநூத்தி நாப்பது கிலோமீட்டருக்கா?”

அவள் பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் காற்று பார்க்க வருகிறவள். மற்றவர்களுக்குக் காற்று மட்டும் பார்ப்பவன், இவள் வண்டிக்கு மட்டும் பட்டன் உயரம், ஓடிய தூரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பான். கேட்டால் தொழில் ஆராய்ச்சி என்பான். எத்தனையோ வண்டி வருகிற கடையில் ஆராய்ச்சி ஒரே வண்டியோடு நின்றுபோனது ஏன் என்று அவன் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்விடுவாள். எட்டு மாதமாக டயர் தொட முடியாத சூட்டோடு வருகிறது. சூட்டில் காற்று அளவு சரியாகக் காட்டாது, ஆறட்டும் என்று உட்கார வைப்பான். அந்த அரை மணி நேரம் பேச்சு எங்கெங்கோ போகும். உதைத்த எருமை, உடைந்த ரிம், அவளுக்குப் பிடிக்காத மேலதிகாரி. மற்ற ஆறு நாளும் அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் அவன் கடை திறந்தான்.

அதே எட்டு மாதமாகத்தான் டயரும் நடுவில் தேய்கிறது. கடை மூடிய பிறகும் அவன் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தான்.

புது டயர் எடுக்க உள்ளே வந்தவனை, பில் போடும் மேஜையிலிருந்து அக்கா பிடித்துக்கொண்டாள்.

“யாரைப் பார்க்கப் போறீங்கன்னு வாய விட்டுக் கேளேன்டா.”

“கேக்கறதுக்கு என்னக்கா இருக்கு? வாரம் தவறாம ஒருத்தர் இவ்வளவு தூரம் சும்மா போவாங்களா? யாரோ இருக்காங்க. டயரே சொல்லிடுச்சு.”

“கிழிச்சே போ. ரப்பரோட பேசத் தெரியுது, மனுஷங்களோட பேசத் தெரியல.”

அவன் வழக்கமான டயரை விட்டுவிட்டு வேறொன்றை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“இது தார் ரோட்டுக்குன்னே வர்ற டயர் டாக்டர். இருபதாயிரம் கிலோமீட்டருக்குக் கவலை இல்ல. எங்க போறீங்களோ, நிம்மதியா போயிட்டு வாங்க. காத்துகூட அங்கேயே பார்த்துக்கலாம். இதுக்காக வாராவாரம் இங்க வந்து காத்துக் கிடக்க வேணாம்.”

கடைசி வாக்கியத்தை அவன் சொல்ல நினைக்கவில்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது.

டாக்டர் பாட்டிலைத் திருகி மூடினாள். “அப்ப நான் வர வேண்டாங்கிறீங்க.”

“டயருக்காக வர வேண்டாம்னு சொன்னேன்.”

“எனக்குப் பழைய மாதிரி டயரே போடுங்க. தேஞ்சா தேஞ்சுட்டுப் போகட்டும்.”

குரலில் கோபம் இருந்தது. அவன் மறுபேச்சுப் பேசாமல் மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு டயர் மாட்டுகிறவனுக்கு அன்று இரண்டு முறை லீவர் நழுவியது, விரல் முட்டியில் தோல் உரிந்தது. அவள் பையிலிருந்து பஞ்செடுத்து மருந்து வைத்தாள். மாட்டுக்குப் போடுகிற மருந்துதான், பயப்பட வேண்டாம் என்றாள். எப்போதும் சிரிப்பதுபோல் இன்று அவனால் சிரிக்க முடியவில்லை.

“வாரண்டி கார்டுல விலாசம் எழுதணும் டாக்டர். மார்க்கெட் பின்னாடி அதே வீடுதானே?” என்று அக்கா கேட்டாள்.

“குடுங்க, நானே எழுதறேன்.”

எழுதி முடிக்க நேரம் பிடித்தது. கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். வழக்கமாக, ‘அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்’ என்பாள். இன்று அதையும் சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. சத்தமும் ஓய்ந்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். இனி வரமாட்டாள் என்று தோன்றியது. பழைய டயரைத் தூக்கிக் குவியலில் போட மனசில்லாமல் சுவரோரம் சாய்த்தான்.

“டேய், ரப்பர் ஜோசியரே, இங்க வா” என்றாள் அக்கா. கார்டை அவன் கையில் திணித்தாள்.

விலாசம் என்ற இடத்தில், ‘அணைக்கட்டு கால்நடை மருந்தகம், ஊழியர் குடியிருப்பு’ என்று இருந்தது. அதன் கீழே, இடம் போதாமல் பொடி எழுத்தில் அவள் எழுதியிருந்தாள்:

‘எனக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. அங்கிருந்து உங்கள் கடைக்கு வர நூற்றிருபது, திரும்பிப் போக நூற்றிருபது, முழுக்கத் தார் ரோடு. டயர் ஏன் இவ்வளவு சூடாக வருகிறது என்று ஒரு சனிக்கிழமையாவது கேட்டிருக்கலாம்.’