துண்டுக்குள் மூன்று விரல்

சிதம்பரத்து பிசியோதெரபி அறையில் உத்திராபதி கம்பியோரமாக ஒற்றைக் காலில் நிற்கிறார். கீரப்பாளையம் பக்கம் மாட்டுத் தரகராக இருந்தவர். ஆயுசெல்லாம் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரல் பிடித்தே, எத்தனை விரலோ அத்தனை என்று விலை பேசியவர். வீட்டில் இரண்டு தடவை விழுந்தாயிற்று. இன்று பிடிமானமில்லாமல் பத்து நொடி நின்றால்தான் மனைவி தங்கம்மாளோடு அந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் அவள் பெண்ணாடத்து மகளிடம், இவர் கடலூரில் மகனிடம். கண்டிஷன் போட்ட மகன் அறிவழகன் வாசலில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான். "பத்து ஜாஸ்திம்மா. ஆறுல முடிச்சுக்கலாமே," என்று பேரம் பேசுகிறார் உத்திராபதி. "இது மாட்டுச் சந்தை இல்லீங்கய்யா," என்று பயிற்சி கொடுக்கும் சந்திரலேகா எண்ணத் தொடங்குகிறாள். ஜன்னல் வெயிலில் அவர் கெண்டைக்கால் வெடவெடக்கிறது. நாலு. அஞ்சு. தோளில் கிடந்த துண்டு கம்பிமேல் சரிகிறது, அதனடியில் அவர் கையும். ஏழு. முகத்தில் மட்டும் கிழட்டு மாட்டைக் கன்றென்று விற்றவரின் தெம்பு. அவள் குரல் நிற்கிறது. மகனுக்குத் தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு துண்டுக்குள் கைவிடுகிறாள். கம்பியைக் கவ்வியிருந்த கை அதை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பற்றுகிறது. மூன்று விரல், எலும்பு நோக. "மிச்சம் அவ்வளவுதான் கண்ணு," என்கிறார், உதடு அசையாமல். வாசலில் சாவி சுழல்வது நிற்கிறது. "என்ன மேடம், பத்து ஆச்சா?"