ஆறாவது குடில்

"ஐயோ சார், அந்தத் திரையை இழுக்காதீங்க!"

மிரெல் ஓடி வந்து குடில் வாசலில் குறுக்கே நின்றாள். நகராட்சி அதிகாரி டெல்காடோ கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் மேடம், பெயின்ட் இன்னும் காயலையா?"

"அது... வெளியே இருந்து பார்த்தாத்தான் சார் நல்லா இருக்கும்."

கூடாரப் பண்டிகை வந்தால் யூதர்கள் வீட்டு முற்றத்தில் குடில் போட்டு, வாரம் முழுக்க அதில்தான் சாப்பிடுவார்கள். இந்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் யூதக் கலைஞர்கள் ஆறு பேர் பூங்காவிலேயே குடில் போட அனுமதி வாங்கியிருந்தார்கள். தெருவில் படுத்துக் கிடப்பவர்களை ஊர் ஒரு வாரமாவது நினைத்துப் பார்க்கட்டுமே என்றுதான். முதல் ஐந்தும் கண்ணாடி, இரும்பு, வண்ணத்துணி என்று பளபளத்தன. மிரெலின் பெயரில் இருந்த ஆறாவது மட்டும் அட்டையும், உடைந்த கதவும், வாசலில் ஒரு திரையும், மேலே ஒரு நீலத் தார்ப்பாயுமாக நின்றது.

"பண்டிகைக் குடிலுக்கு மட்டும்தான் அனுமதி," என்றார் டெல்காடோ, கையிலிருந்த பட்டியலைத் தட்டி. "உங்க மதச் சட்டத்துக்கு ஒத்து வராதது எதுவா இருந்தாலும் இப்பவே பிரிச்சு ஏத்திடுவோம். லாரி வாசல்லயே நிக்குது."

மிரெல் வாசல் பக்கம் திரும்பி லாரியைப் பார்த்தாள். மற்றக் குடில்கள் எப்படியோ போகட்டும், இது பிரிபடக் கூடாது. எத்தனை நாள் பாடு! பக்கத்தில் சாயக் கறை படிந்த மேலங்கியோடு நின்ற வெர்னாவைப் பார்த்தாள். வெர்னாவுக்கு வயது அறுபது இருக்கும். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

சட்டம் பார்க்க ஸெலிக்கைக் கூப்பிட்டார்கள். இரும்புக் குடில் செய்த சிற்பி அவர். கறார் பேர்வழி.

"சுவர் மூணு இருக்கு, சரி. கூரை என்ன இது, தார்ப்பாயா? செல்லாது! மண்ணுல முளைச்சதை வெட்டித்தான் மேல போடணும். அதுவும் ராத்திரி நட்சத்திரம் தெரியணும்."

"அப்ப மழை வந்தா?" என்றாள் வெர்னா.

"மழை சூப்புல விழுந்து கெட்டுப்போச்சுன்னா, எழுந்து வீட்டுக்குப் போயிடலாம். அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு."

"வீட்டுக்குப் போயிடலாமா! பரவாயில்லையே, நல்ல சட்டம்!" வெர்னா சிரித்தாள். மிரெல் சிரிக்கவில்லை.

"சார், பத்தே நிமிஷம் கொடுங்க. மாத்திடறேன்."

போன வாரக் காற்றில் விழுந்த பனை மட்டைகள் பூங்கா ஓரத்தில் குவிந்து கிடந்தன. மிரெலும் வெர்னாவும் மாறி மாறி இழுத்து வந்தார்கள். ஸெலிக்கே ஏணியில் ஏறித் தார்ப்பாயை உருவிவிட்டு ஓலையைப் பரப்பினார். பரப்பிக்கொண்டே, கழிகளைக் கட்டியிருந்த நைந்த கயிற்றை உற்றுப் பார்த்தார்.

"இது எப்பக் கட்டினது மிரெல்?"

மிரெல் அடுத்த மட்டையை அவசரமாக நீட்டினாள். ஸெலிக் அவளைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார். பிறகு அதிகாரிக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னார்:

"பழைய சுவரா இருந்தாலும் குத்தமில்லை. பண்டிகைக்குன்னு மேல புது ஓலை விழுந்தாச்சுன்னா இது புதுக் குடில்தான். செல்லும்!"

டெல்காடோ குடிலைச் சுற்றி வந்து குனிந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தார். கரி பிடித்த கெட்டில். டப்பாவில் தேய்ந்துபோன பல் பிரஷ். கொடியில் காலுறை.

"அடேங்கப்பா! காலுறை ஈரமாவே இருக்கே!"

"தினமும் நனைச்சுப் போடறோம் சார்," என்றாள் வெர்னா, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

"என்ன நுணுக்கம் மேடம்! எப்படி இதெல்லாம் தோணுது உங்களுக்கு?"

"கண்ணால பார்த்ததுதான் சார்," என்றாள் மிரெல். பொய் சொல்லாமல் தப்பித்ததில் அவளுக்கு மூச்சு வந்தது.

டெல்காடோ தொப்பியைக் கழற்றிவிட்டார். மனுஷன் கண் கலங்கியிருந்தது, பாவம். "போன வாரம் அந்தப் பக்கம் வீடில்லாதவங்க போட்டிருந்த அம்பது கூடாரத்தையும் நான்தான் நின்னு அள்ளிப் போட்டேன். அப்ப ஒண்ணும் தெரியலை. இங்க நின்னு பார்க்கறப்பதான் நெஞ்சை என்னவோ பண்ணுது. இதுக்குத்தான் கலை வேணும்கறது."

டெல்காடோ கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியை மாட்டினார்.

"ஆறுல ஒண்ணை வசந்த காலம் வரைக்கும் பூங்காவுலயே வெச்சிருக்கணும்னு எங்க ஆபீஸ்ல முடிவு. எதுங்கறது என் பொறுப்பு. இதுவே இருக்கட்டும். பண்டிகை முடிஞ்சதும் அந்தத் தார்ப்பாயை மறுபடியும் போட்டுடுங்க, அப்பதான் தத்ரூபமா இருக்கும்."

பையிலிருந்து முத்திரை போட்ட அட்டையை எடுத்துக் கதவில் தானே ஒட்டினார்: 'நகராட்சிப் பாதுகாப்பில் உள்ளது. அகற்றுவோர் தண்டிக்கப்படுவர்.' மிரெலின் கையைக் குலுக்கினார், ஸெலிக்கின் கையைக் குலுக்கினார். மறக்காமல் வெர்னாவின் கையையும் குலுக்கிவிட்டுப் போனார். வாசலில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

மிரெல் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெர்னா மேலங்கியைக் கழற்றி அவள் மடியில் போட்டாள். அட்டையை எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படித்தாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் உள்ள வாங்க, காபி போடறேன்," என்றாள். "மூணு வருஷமா குடியிருக்கேன், இன்னிக்குத்தான் என் வீட்டுக்குப் பட்டா கிடைச்சிருக்கு!"