வட்டி கொறஞ்சுதா?

மும்பையில் ரிசர்வ் வங்கி வட்டியை அரை சதவீதம் குறைத்தது. அரை மணி நேரத்தில் கோவில்பதாகை என்கிற புறநகரில் ஒரு மாடி வீட்டில் ரவை வறுபட ஆரம்பித்துவிட்டது. நினைத்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது!

"விஜி, முந்திரி நெறைய போடு. வானகரம் பிளாட் நம்புளுதுதான்!" என்று குதித்தான் வெற்றிச்செல்வன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர். வட்டி இறங்கினால்தான் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுப்படியாகும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவன்.

விஜி கரண்டியை நிறுத்தினாள். "மெதுவா பேசுய்யா. கீழ ஓனரம்மா காதுல உழப்போவுது."

நியாயமான பயம். இவர்கள் இருப்பது லீசுக்கு. காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் எட்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தாயிற்று, அதனால் மாத வாடகை கிடையாது. அந்தப் பணத்தை பேங்கில் போட்டு, வருகிற வட்டியில்தான் ஓனர் கெங்கம்மாளுக்குச் சோறு, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம்.

பிளாட் கட்டி முடியும்வரை இங்கேதான் இருக்க வேண்டும்; இந்த மாதம் லீசைப் புதுப்பித்தாக வேண்டும். பேங்கில் வட்டி குறையப் போகிறது என்று பக்கத்து வீட்டு ஓனர் இப்போதே இரண்டு லட்சம் கூடக் கேட்கிறார். கெங்கம்மாளும் கேட்டால், பிளாட்டுக்குச் சேர்த்த முன்பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் பிளாட்டாவது, ஒன்றாவது!

படியில் செருப்புச் சத்தம்.

"வந்துட்டாங்க, வட்டிப் பைத்தியம்" என்று முணுமுணுத்தான் வெற்றி. ரிசர்வ் வங்கி வட்டியை அறிவிக்கிற நாளில் அந்த அம்மாள் மாடியேறாமல் இருந்ததே இல்லை. டி.வி.யில் சொல்வது புரியாது, இவனிடம்தான் கேட்பார்.

"இன்னா நைனா, வட்டி கொறஞ்சுதா?"

"இல்லம்மா. அப்டியே உட்டுட்டாங்க." கண்ணைக்கூடச் சிமிட்டாமல் புளுகினான்.

"கேசரி வாசன வருது?"

"அது... கல்யாண நாளு."

"நூறு வருசம் நல்லா இருங்க" என்று மனசார வாழ்த்தினார் கெங்கம்மாள். "இந்த வாட்டியும் இல்லியா?" என்று முனகியபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். முகம் சுண்டிப் போயிருந்தது.

விஜிக்குத் தாங்கவில்லை. வாழ்த்திவிட்டுப் போகிறவரிடமா பொய்?

"அம்மா, இவரு பொய் சொல்றாரு. அரை பர்சன்ட் கொறஞ்சிடுச்சு."

வெற்றி தலையில் அடித்துக்கொண்டான். போச்சு, ரெண்டு லட்சம்!

கெங்கம்மாள் நின்ற இடத்திலேயே இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"கெங்கையம்மா! காது குடுத்துட்டியே தாயே!"

இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"தவணை கட்டுப்படியாவல, சொந்த ஊட்டு ஆசைய உட்டுட வேண்டியதுதான்னு அன்னிக்கு எங்கிட்ட அழுதியே விஜி. அதுலேர்ந்து வட்டி எறங்கணும், எறங்கணும்னு வேண்டிகினே கீறேன். வர்ற ஆடிக்கு ஆத்தாளுக்குக் கூழு ஊத்தணும். நீயும் கூட வந்து நில்லு."

வெற்றி அவரையே பார்த்தபடி நின்றான். தன் சோற்றிலேயே கை வைக்கச் சொல்லி ஒருத்தர் சாமியிடம் கேட்பாரா? கேட்டிருக்கிறாரே!

"அப்போ... லீசு?" என்று இழுத்தான்.

"அதே எட்டுதான். அதுல இன்னா கீது?"

"ஒங்களுக்கு வர்ற வட்டியும் கொறையுமேம்மா. எப்டி சமாளிப்பீங்க?"

"கொறையட்டும் நைனா. ஒரு வேள காபிய உட்டா ஆச்சு. எனக்குத்தான் சொந்த ஊடு கீதே!"